வெளியே போயிருந்தவள்

ஆதிகாலத்தில் நடந்தது என்று சொன்னால் பொய். நேற்று நடந்தது என்று சொன்னாலும் பொய். இரண்டுக்கும் நடுவில், கப்பல்கள் வருவதை நிறுத்திக்கொண்ட ஒரு துறைமுகத்து ஊரில், ஒரு கட்டடம் இருந்ததாம்.

வெளிநாட்டு மாலுமிகள் தங்கிப்போன கட்டடம். சரக்கு இறக்கி முடிகிறவரை அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. சீட்டு ஆடினார்கள். குடித்தார்கள். தங்கள் ஊர்க் காலண்டர்களில் இருந்த பெண்களின் படங்களைக் கிழித்துச் சுவரில் ஒட்டினார்கள்.

போட்டோ இல்லை. எல்லாம் தூரிகையால் வரைந்த பெண்கள். காற்றில் பாவாடை பறக்க ஒருத்தி. ஏணியில் பாதி ஏறி நிற்கிற ஒருத்தி. நாய்க்குட்டியின் கயிறு காலைச் சுற்றிக்கொள்ள, விழப்போய் விழாமல் நிற்கிற ஒருத்தி. எல்லோருக்கும் சிவந்த உதடு. எல்லோரும் சிரித்தார்கள்.

மாலுமிகள் போய்விட்டார்கள். சிரிப்பு மட்டும் சுவரிலேயே இருந்தது.

ஊர்க்காரர்கள் அதைச் சிரிப்பாணிக் கொட்டகை என்றார்கள். கடல்காற்று அடித்தால் படங்களின் ஓரங்கள் எழும்பித் தாழும். வாசலில் நின்று பார்க்கிறவனுக்குச் சுவர் மூச்சு விடுவது போல இருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்கள்.

அந்தக் கட்டடத்தில் மாதரசி என்ற பெண் குடிவந்தாள். நாற்பதைத் தொடாத வயது. பட்டணத்தில் ஓவியம் படித்தவள். வரைவதை விட்டுவிட்டாள். படம் பார்க்கச் சொல்லித் தருகிறேன் என்றாள்.

"படம் பாக்க என்னத்தச் சொல்லித் தரணும்? கண்ணு இருக்குல்லா?" என்றது ஊர்.

ஆனாலும் ஐப்பசி மழை தொடங்கியபோது அவளிடம் ஒருவர் போனார். ஆவுடையப்பன். ஹார்பர் வாசலுக்கு எதிரே சோடாக் கடை வைத்திருந்தவர். தலை முழுக்க நரைத்தவர். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற மகள்.

டீக்கடைக்காரன் விடவில்லை. "என்ன அண்ணாச்சி, பேரன் எடுக்கப் போற வயசுல பொம்பளப் படம் பாக்க டியூசனா?"

"பாஸானா உனக்கும் சொல்லித் தாரேன்டே" என்று சொல்லிவிட்டு அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டாள். யாருக்கு யார் குரு என்று வெளியாருக்கு விளங்காது.

முதல் நாள், ஏணியில் நிற்கிறவளின் படத்துக்கு முன்னால் அவரை நிறுத்தினாள்.

"இந்தப் படத்துல எத்தனை பேரு?"

"ஒருத்தி."

"சரியாப் பாருங்க."

"ஏணியில ஒருத்தி. வேற யாரும் இல்லையே அம்மா."

"இன்னொரு ஆள் இருக்கு."

"எங்க?"

"அவ பாக்குற இடத்துல."

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. திறந்த கதவும் மழையும்தான்.

"யாரையும் காணோம்."

"நீங்கதான் அண்ணாச்சி. கதவைத் தட்டாம வந்து நிக்கீங்க. அவ திரும்பிப் பாத்துட்டா."

அவர் ஓர் எட்டுப் பின்வாங்கினார். சுவரில் இருந்த அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"அதுக்கு ஏன் சிரிக்கா?"

"நீங்க வர்றதுக்கு முன்னால என்ன செஞ்சுட்டு இருந்தா?"

"சிரிச்சுட்டு இருந்திருப்பா."

"ஒத்தையில இருக்குற வீட்டுல யாராவது ஏணியில நின்னு சிரிப்பாங்களா?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

அன்று தன் வீட்டுக்குள் நுழையும் முன் அவர் வாசலில் நின்று இருமினார். வடிவு, அவர் மனைவி, உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, சம்பந்தி வீட்டுக்கா வந்திருக்கீங்க? இருமிட்டு நிக்கீங்க."

கொட்டகைச் சுவரில் படங்களுக்கு நடுவே ஓர் இடம் வெறுமையாக இருந்தது. பழைய சுண்ணாம்பு அந்த ஒரு கட்டத்தில் மட்டும் வெள்ளையாக இருந்தது. யாரோ அவசரமாகப் பிய்த்தெடுத்திருக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கீழ்மூலைத் துணுக்கில் மட்டும் சிவப்பாக ஏதோ ஒரு முனை.

"இங்கன யாரு இருந்தா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"தெரியாது. வெளிய போயிருக்கா."

"வெளிய போயிருக்காளா?"

"ஆமா. வருவா."

விளையாட்டாகச் சொல்கிறாளா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் சிரிக்காத ஒரே பெண் அவள்தான்.

ஆவுடையப்பன் கார்த்திகை முழுக்க வந்தார். மார்கழியிலும் வந்தார். பாடம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது போல இருந்தது. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று ஒப்பித்தார்.

"இந்த நாய்க்குட்டிக் கயிறு இருக்கே, அது அவளைப் போக விடாத ஏதோ ஒண்ணு. குடை மடங்கிக் கிடக்கு; அப்போ காவல் போச்சு. இவ செருப்பு ஒண்ணு கழண்டு கிடக்கு பாருங்க, ஓடப் பாத்திருக்கா. உதட்டுக்குச் சிவப்பு, திரைச்சீலைக்கும் சிவப்பு. அறையே அவளை முழுங்குது. சரியாம்மா?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"சரி. அடுத்த படத்துக்குப் போங்க."

சரியென்றும் சொல்ல மாட்டாள், தப்பென்றும் சொல்ல மாட்டாள். எப்போதாவது, "எல்லாத்தையும் பாத்துட்டீங்க. அவளைப் பாக்கலையே" என்பாள்.

அவர் எதற்காக வருகிறார் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவர் வீட்டு முன்கட்டில் ஒரு படம் தொங்கியது. அவருடைய அம்மா முப்பிடாதி.

அவர் நடக்கத் தொடங்கும் முன்பே அவள் செத்துப்போனாள். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பின காலம். அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. அந்தப் படத்தை அப்பா சங்குமுத்துதான் எங்கிருந்தோ கொண்டுவந்த தாளில் வரைந்து, பலகையில் ஒட்டி, சட்டம் அடித்து மாட்டினார். சங்குமுத்து கப்பலுக்குச் சாயம் அடித்தவர். அதிகம் பேசாதவர். அவரும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது.

படத்தில் முப்பிடாதி பச்சைச் சேலை கட்டி, ஸ்டூலில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். தலைநிறையப் பூ. வாய் லேசாகத் திறந்து, எதையோ கேட்டுத் திரும்பின மாதிரி இருக்கும். கண்ணாடி போடாத படம். நெற்றியில் வருஷா வருஷம் வைத்த குங்குமம் தடித்துப் போயிருந்தது. எதிரே உத்தரத்தில், ஆவுடையப்பனைத் தொட்டிலில் போட்ட இரும்பு வளையம் இன்னும் இருந்தது. இப்போது அதில் பல்பு தொங்கியது.

அந்த ஐப்பசி மழையில்தான் படம் மாறத் தொடங்கியது.

முதலில் காதோரம், பூவுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை விரல் வந்தது.

ஆவுடையப்பன் அதைப் பூஞ்சை என்று நினைத்துத் துடைத்தார். அடுத்த வாரம் இன்னொரு விரல். பிறகு விரல்கள் எதையோ பிடித்திருப்பது தெரிந்தது. கறுப்பாக, வளைந்து. மடியில் இரண்டு கை ஏற்கெனவே இருந்தன, அப்பா வரைந்தவை. காதோரத்தில் மூன்றாவது கை.

"உங்கம்மாவுக்குக் கை முளைக்குது" என்றாள் வடிவு.

"சும்மா கெட."

"நான் சும்மாதான் கெடக்கேன். அவுகதான் சும்மா இல்ல. தினமும் பச்சை பச்சையா உதிருது. கூட்டி அள்ளி முடியல."

அவள் எதையும் உதறிக் கூட்டிப் பெருக்கித்தான் வைப்பாள். பாய், தலையணை, பை, கடையிலிருந்து வரும் சாக்கு எல்லாமே அவள் கையில் ஒரு உதறு வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும்.

மார்கழியில் சேலையின் கீழ்க்கரையைக் கிழித்துக்கொண்டு ஒரு குதிகால் வந்தது. சிவப்புச் செருப்பு. ஆணி போல உயர்ந்த அடி. செருப்புக்கு முனை இல்லை. படமே அந்த மூலையில் கிழிந்திருந்தது.

"அருவாமனையில உக்காந்து காய் நறுக்கினா முதுகுல பார்வை படுது. எந்திரிச்சா போயிருது. உக்காந்தா வந்துருது" என்றாள் வடிவு. "உலகுவும் அங்கன உக்காந்து சாப்பிட மாட்டேங்கா."

உலகு, அவர்கள் மகள். தையில் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை படையல். சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தவளுக்குப் புதுச் சேலை எடுத்து, அவள் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, அந்தச் சேலையைக் கல்யாணப் பெண்ணுக்குக் கட்டிவிடுவது அவர்கள் வழக்கம். வீட்டுப் பெரியவளின் கை பட்ட சேலை என்று அதற்குப் பொருள். மாப்பிள்ளை வீட்டாரும் வந்து நிற்பார்கள்.

"எந்தக் கை பட்டதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள் வடிவு. "ஒண்ணு, இதைச் சரிபண்ணுங்க. இல்லைன்னா இறக்குங்க. இப்பிடியே வச்சு எம்புள்ளைக்குச் சேலை கட்ட நான் விடமாட்டேன்."

"இறக்கிட்டு? யாருக்குப் படைக்க? எங்கம்மாவுக்கு வேற முகம் இருக்கா?"

வடிவு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

படையலுக்கு முந்தின நாள் மத்தியானம், ஆவுடையப்பன் படத்தை இறக்கினார். கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி ஒன்றில் வைத்து, மடித்துச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புறப்பட்டார். வடிவும் கூட வந்தாள். கொட்டகை வாசலில் நின்றுவிட்டாள்.

"உள்ள வாயேன்."

"மாட்டேன். வீட்டுல ஒருத்தி பாக்குறதே தாங்கல. இங்கன சுவர் நெறைய இருக்காளுக. நீங்க போய்ட்டு வாங்க, நான் வேப்பமரத்தடியில நிக்கேன்."

மாதரசி மேசையைத் துடைத்து இடம் செய்தாள். வேட்டியைப் பிரித்தாள். படத்தை எடுத்து நிறுத்தினாள். பிறகு வேட்டியின் நான்கு முனைகளையும் மெதுவாக உள்ளே மடக்கி, ஓரமாக வைத்தாள்.

நெடுநேரம் படத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மா" என்றார் ஆவுடையப்பன். "அப்பா வரைஞ்ச படம். உள்ளயிருந்து என்னமோ வெளிய வருதும்மா. மழைக்கு முன்னால நல்லாத்தான் இருந்தாவ. இது என்னன்னு படிக்கத்தான் நான் உங்ககிட்ட வந்தேன்."

மாதரசி படத்தைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு சுவருக்குப் போனாள். வெறுமையாக இருந்த கட்டத்தில் வைத்துப் பிடித்தாள்.

நான்கு மூலைகளும் பொருந்தின. செருப்பின் குதிகால் படத்தில் இருந்தது. செருப்பின் முனை சுவரில் இருந்தது.

"வந்துட்டா" என்றாள் மாதரசி.

காற்று நின்றிருந்தது. ஆனாலும் படங்களின் ஓரங்கள் ஒருமுறை எழும்பித் தாழ்ந்தன.

ஆவுடையப்பன் மேசையருகே கிடந்த ஒரு ஸ்டூலைப் பிடித்து உட்காரப் போனார், உட்காரவில்லை.

"யாரும்மா இது?"

"படிக்கத்தான வந்தீங்க. படிங்க."

"என்னால முடியாது."

"ஏணிக்காரியைப் படிச்சீங்க. நாய்க்குட்டிக்காரியைப் படிச்சீங்க. இவளையும் படிங்க."

அவர் தொண்டையைச் செருமினார்.

"காதுல டெலிபோன். யார்கிட்டயோ பேசிட்டு இருந்திருக்கா. முடி மேல கறுப்புச் சாயம். உள்ள மஞ்சள் முடி இருக்கும்... ஓரத்துல தெரியுது. குதிகால் செருப்பு. சேலைக்கு உள்ள..." நிறுத்தினார். "சேலைக்கு உள்ள இந்தச் சுவர்ல இருக்கவளுக மாதிரிதான் இருப்பா. கப்பல்காரன் காலண்டர்ப் பொம்பள."

"ம்."

"இதுக்கா வருஷா வருஷம் படையல் போட்டேன்? இதுக்கா பொட்டு வச்சேன்? முதல் சம்பளத்தை இவ காலடியிலயா வச்சேன்?"

"யாரைப் பாக்கா?"

"என்னம்மா?"

"அவ யாரைப் பாக்கா?"

"எல்லாரையும் போலத்தான். வாசல்ல வந்து நிக்கவனை."

"வாசல்ல போய் நில்லுங்க."

அவர் போய் நின்றார். ஏணியில் இருந்தவள் அவரைப் பார்த்தாள். பாவாடை பறக்கிறவள் பார்த்தாள். நாய்க்குட்டிக்காரி பார்த்தாள். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

பச்சைச் சேலைக்காரி பார்க்கவில்லை.

அவர் இடப்பக்கம் நகர்ந்தார். வலப்பக்கம் நகர்ந்தார். மற்றவர்களின் கண்கள் கூடவே வந்தன. அவள் கண்கள் வரவில்லை.

"என்னைப் பாக்கலை."

"இன்னும் கீழ."

அவர் குனிந்தார்.

"இன்னும்."

குத்தவைத்தார். முழங்காலில் நின்றார். கடைசியில், நரைத்த தலையோடு, சோடாக் கடை ஆவுடையப்பன் அந்தத் தரையில் ஒருக்களித்துப் படுத்தார்.



அவள் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள். லேசாகத் திறந்த வாயோடு. பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினவள் போல.

சுவரில் இருந்த வேறு யாரும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

மாதரசி வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"எவ்வளவோ பேரு இந்தச் சுவர்ல" என்றாள். "உங்க அப்பா இவளைத்தான் பிச்சுட்டுப் போயிருக்காரு."

ஆவுடையப்பனுக்குத் தொட்டில் வளையம் நினைவுக்கு வந்தது. தொட்டிலின் அடி எவ்வளவு தாழ இருந்திருக்கும் என்று கையால் தரையிலிருந்து அளந்து பார்த்தார். கை நின்ற உயரம் அவர் கண் இருந்த உயரம்.

படுத்தபடியே கேட்டார். "அப்போ இத்தனை வருஷமா என்னைப் பாத்துட்டு இருந்தது இவளா?"

"நீங்கதான சொல்லணும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கட்டியிருந்த வேட்டியில் ஒட்டின தூசியைத் தட்டவில்லை.

"சரி. பாத்தது இவ. அப்போ எங்கம்மா எங்க?"

"இந்தப் படத்துல எத்தனை பேரு அண்ணாச்சி?"

முதல் நாள் கேட்ட அதே கேள்வி. ஆவுடையப்பன் படத்தின் அருகே போனார். முதன்முதலாக, வந்துகொண்டிருந்ததைப் பார்க்காமல், மிச்சம் இருந்ததைப் பார்த்தார்.

"முந்தானையில ஒரு ஓட்டை இருக்கு" என்றார். "சின்னதா. சுத்தி கருகின மாதிரி."

"கப்பல்காரன் வரைஞ்சதா?"

"இல்ல. சேலையே அப்பா வரைஞ்சது."

"புதுசாச் சேலை வரையிறவன் அதுல ஏன் ஓட்டை வரையணும்?"

அவர் கண் இறங்கி இடது மணிக்கட்டில் நின்றது. அங்கே பச்சை குத்தின மாதிரி நீலமாக ஒரு தேள். சின்ன வயதில் அந்தத் தேளுக்குப் பயந்திருக்கிறார்.

"தேளு. இதுவும் அப்பா வரைஞ்சதுதான்."

"அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"பாத்திருப்பாரு." அவர் அந்தத் தேளை மறுபடி பார்த்தார். "அந்தக் கையைப் பிடிச்சிருப்பாரு."

"ம்."

"மூக்குத்தி வலப்பக்கம் இருக்கு. இந்தக் காதுக்குக் கீழ ஒரு மச்சம். அப்பா..." அவர் விரலை நீட்டினார், தொடவில்லை. "அப்பா ஒண்ணையும் மறக்கலை."

"தேளுக்கு வால் மட்டும் இருக்கே."

"தலை உதிர்ந்துட்டு."

"எங்க?"

"வீட்டுலதான். உதிர்ந்து உதிர்ந்து கீழ விழும். வடிவு தினமும் கூட்டி அள்ளி..."



வெளியே கடல் கேட்டது. வேப்பமரத்தடியில் வடிவு யாரோ தெரிந்தவளிடம் கல்யாண வேலையைப் பற்றிப் பேசுவது கேட்டது.

"நான் பயந்ததெல்லாம் உள்ள இருந்து வந்ததைப் பாத்து" என்றார். "போறதைப் பாக்கலையே அம்மா. முறத்துல அள்ளிக் குப்பையில போட்டோமே."

மாதரசி ஆணி ஒன்றை எடுத்தாள். படத்தை அந்தக் கட்டத்திலேயே மாட்டினாள். பாதிச் சேலையும், ஒரு செருப்பும், காதில் போனும், நெற்றியில் பழைய குங்குமமுமாக அவள் மற்றவர்களுக்கு நடுவே இருந்தாள். அவள் மட்டும் தாழப் பார்த்தாள்.

"இவ இங்கனயே இருக்கட்டும். வீட்டுல வச்சா வடிவு அருவாமனை தொடமாட்டா" என்றார் ஆவுடையப்பன். பிறகு, "நாளைக்குப் படையலும்மா. புதுச் சேலையை எதுக்கு முன்னால வைக்க?"

மாதரசி மேசை ஓரத்தில் மடக்கி வைத்திருந்த வேட்டியை இரண்டு கையாலும் எடுத்தாள். தூங்குகிற பிள்ளையை மாற்றிக் கொடுப்பது போல அவர் கையில் வைத்தாள்.

வேட்டியைக்கூட மறந்துவிட்டுப் போகிறவன் என்று நினைத்துவிட்டாளே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. கதவருகே போய்த் திரும்பினார். சுவரைப் பார்த்து, "போய்ட்டு வாரேன்" என்றார்.

யாரிடம் சொன்னார் என்று சொல்ல முடியாது.

வேப்பமரத்தடியில் வடிவு அவர் கையைப் பார்த்தாள். முகத்தையும் பார்த்தாள்.

"படம் எங்க?"

"உள்ள."

"சரிபண்ணியாச்சா?"

"இல்ல."

"அப்போ நாளைக்கு?"

"தெரியல வடிவு."

அவள் அதற்குமேல் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அழுத கண்ணைக் கண்டுகொள்ளாமல் இருக்கத் தெரிந்தவள்.

"கொண்டாங்க இதை. வெளுத்த வேட்டிய இப்பிடியா சுருட்டுவாங்க?"

வேட்டியை வாங்கினாள். நடுவில் பிடித்து, முனைகளை விரித்து, எப்போதும் செய்கிற மாதிரி ஓர் உதறு உதறக் கைகளை உயர்த்தினாள்.

வாசலிலிருந்து மாதரசியின் குரல் வந்தது. அவள் சத்தமாகப் பேசி அவர்கள் கேட்டதே இல்லை.

"உதறிராதீங்க மதினி. உள்ள உங்க அத்தை இருக்காவ."

வடிவின் கைகள் அந்தரத்திலேயே நின்றன. வெள்ளை வேட்டியின் மடிப்பில், பச்சையாகக் கொஞ்சம், நகக்கண் அளவில் நீலமாகக் கொஞ்சம். அதில் ஒன்றுக்குத் தேளின் இடுக்கி மாதிரி இரண்டு முனை.

அவள் கைகளை மெல்ல, மிக மெல்ல, இறக்கினாள். ஆவுடையப்பன் வந்து எதிர்ப்பக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டார். காற்று வருகிற பக்கம் அவர் முதுகைக் கொடுத்துக்கொள்ள, பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து, தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் போல அவர்கள் தெருவில் நடந்தார்கள். டீக்கடைக்காரன் ஏதோ கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை.

அவர்கள் திருப்பத்தில் மறைகிறவரை மாதரசி வாசலில் நின்றாள். பிறகு ஒருமுறை இருமிவிட்டு, உள்ளே போனாள்.